தெருவா

மில்வர்டுபுரத்தில் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது அக்டோபர் கடைசி ஞாயிறு, மாலை நாலு பத்துக்கு. குளக்கரை முடிந்து தெரு தொடங்குகிற முக்கில், யாருடைய வாயிலிருந்தும் வராமல், ஓர் ஆள் உயரத்தில் எழுந்து, ஒரு மூச்சு நீளத்துக்கு நின்று அடங்கியது. அப்போது அங்கே இருந்தவை இரண்டு ஆடுகளும் டீக்கடை அருமைநாயகமும்தான். ஆடுகள் திரும்பிப் பார்த்தன. அருமைநாயகம் ஆடுகளைப் பார்த்தார்.

மறுநாளும் நாலு பத்துக்கு வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது, நாலாம் நாள் சபைக் கமிட்டிச் செயலர் வேதமாணிக்கம் கையில் அளவு நாடாவோடு வந்தார். அவர் முப்பத்தோரு வருடம் நிலஅளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் காட்டிய எல்லையை ஒருநாளும் நம்பியதில்லை. தன் வீட்டு மதிலையே வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பார், தான் அசந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அதை நகர்த்தியிருக்கக் கூடும் என்பதற்காக. எனவே மற்றவர்கள் எல்லாம் இது என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டிருக்கையில், அவர் ஒருவர்தான் இதைச் செய்வது யார் என்று கேட்டார். சத்தம் எழுந்த இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். மறுநாள் அது குறிக்கு மேற்கே ஒன்பது அடி தள்ளி எழுந்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஒன்பது அடி.

"நடக்குது வே அது," என்றார் அருமைநாயகம்.

"நடக்கல. நடத்துதானுவ," என்றார் வேதமாணிக்கம்.

ஊரில் சந்தேகத்துக்கு ஆளா இல்லை! ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவனைச் சந்தேகப்பட்டார்கள், அவன் பெட்டிகளை எல்லாம் திறந்து காட்டினான். குரல் மாற்றிப் பேசத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவனைச் சந்தேகப்பட்டார்கள், அவன் அந்த வாரம் முழுக்க அம்மைபோட்டு வேப்பிலையில் கிடந்தான். தெருக்காரர்கள் குளத்துக்கு அந்தப்பக்கம் இருந்த கீழக்குடியைச் சந்தேகப்பட்டார்கள், கீழக்குடிக்காரர்கள் தெருவைச் சந்தேகப்பட்டார்கள், இரண்டு பக்கமும் ஒரே வேதக்கோவிலில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டே ஒருவர் வாயை ஒருவர் கவனித்தார்கள். கடைசியில் கமிட்டி கூடி, ஊரார் எல்லாரும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோவில் மைதானத்துக்கு வந்து, வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கத்துகிற வாயில் தண்ணீர் நிற்காது என்பது வேதமாணிக்கத்தின் கணக்கு.

எழுநூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். கைப்பிள்ளைகளைத் தவிர எல்லாருக்கும் தம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். எழுநூறு பேரும் கன்னம் உப்பி, கண்ணை உருட்டி, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றபோது மில்வர்டுபுரத்தில் அதுவரை இல்லாத அமைதி இருந்தது. நாலு பத்துக்குத் தெருவில், போட்டிருந்த குறிக்குச் சரியாக ஒன்பது அடி மேற்கே, சத்தம் எழுந்தது. எழுநூறு வாயிலும் தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரே ஒருவர் திடுக்கிட்டுத் துப்பிவிட்டார். அது வேதமாணிக்கம்.

சிரிப்பதற்குக்கூட வழியில்லாமல் ஊர் வாயில் தண்ணீரோடு அவரைப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஊர் அந்தச் சத்தத்தைத் தன் பழக்கங்களில் ஒன்றாக்கிக்கொண்டது. நாலு பத்துக்கு டியூஷன் விட்டார்கள். நாலு பத்தை ஒட்டி வருகிற பேருந்து, அந்த இடத்துக்கு முன்னால் நின்று, அடங்கிய பிறகு புறப்பட்டது. ஓட்டுநர் அதை நிறுத்தத்துக்குள் சேர்த்துக்கொண்டார். நாளுக்கு ஒன்பது அடி என்றால் ஒரு வீட்டு வாசலைக் கடக்க அதற்கு மூன்று நாளோ நான்கு நாளோ ஆகும் என்பதால், முறை வரப்போகிற வீட்டுக்காரர்கள் கண்ணாடித் தம்ளர்களைப் பரணில் ஏற்றி, காதுக்குப் பஞ்சு வாங்கி, வாசலைக் கழுவி வைத்தார்கள். தாண்டிப்போன வீட்டுக்காரர்கள், எங்கள் வாசலில் இன்னும் கனமாகக் கேட்டது என்று பீற்றிக்கொண்டார்கள். சத்தத்துக்குள் கையை நீட்டிப் பார்த்த பெண்கள், மின்மாற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல மயிர் சிலிர்க்கிறது என்றார்கள். ஆனால் அது எப்படிப்பட்ட சத்தம் என்பதில் மட்டும் எந்த இரண்டு வீடும் ஒத்துப்போகவில்லை. நர்சிங் சேர்க்கை கிடைத்த பெண் அதைக் கெம்பீரம், சந்தோஷ ஆர்ப்பரிப்பு என்றாள். கருக் கலைந்துபோய்ப் பிறந்தகத்தில் படுத்திருந்த பெண் அதை ஓலம் என்றாள். ராணுவத்திலிருந்து திரும்பியவர், எதிரிமேல் பாயச் சொல்கிற சத்தம் அது என்று சொல்லிவிட்டு, நாலு மணிக்கே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

வேதமாணிக்கம் மட்டும் அளந்துகொண்டே இருந்தார். குளக்கரை முக்கிலிருந்து அவர் வீட்டு வாசல் அறுநூற்றெண்பத்து நாலு அடி. நாளுக்கு ஒன்பது அடி வைத்தால் எழுபத்தாறு நாள். எழுபத்தாறாம் நாள் ஜனவரி பத்து, சனிக்கிழமை. அன்று மாலை நாலரைக்கு அவருடைய ஒரே மகள் பெர்சிஸுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவிலிலிருந்து நாலு மணிக்கு அவர் வாசலில்தான் வந்து இறங்குவார்கள். அங்கிருந்துதான் எல்லாரும் கோவிலுக்கு நடக்க வேண்டும்.

நேரத்தை மாற்றலாம் என்றாள் அவர் மனைவி ரத்தினபாய். அதில் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து ஊர்ச் சபையில் அறுவடைப் பண்டிகை ஏலம் நீண்டு, கேட்க ஆளில்லாமல் தெரு வெறிச்சோடிக் கிடந்த அன்று, கடைசி ஆள் வீடு திரும்புகிறவரை அந்தச் சத்தம் பொறுத்திருந்து நாலே முக்காலுக்குத்தான் வந்தது. அது யாருக்காகவோ காத்திருக்கிறது என்று ஊர் சொன்னது. யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. பெர்சிஸுக்கு வயது முப்பத்திரண்டு, இதற்கு முன்னால் இரண்டு சம்பந்தம் பேச்சோடு நின்றுபோனவை, மாப்பிள்ளையின் அத்தைக்காரி சகுனம் பார்க்கிறவள் என்று தரகர் முதலிலேயே எச்சரித்திருந்தார். வாசலில் ஒப்பாரி கேட்டால் அந்தக் கார்கள் வந்த வழியே திரும்பிப் போகும்.

ஆகவே, அது கெம்பீரம் என்று யாராவது தெரிந்தவர் சொல்லியாக வேண்டும்.

கெர்சோம் ஐயர் புதிதாக மாற்றலாகி வந்திருந்த குருவானவர், வேலூர்ப் பக்கத்துக்காரர், வயது முப்பத்தைந்துகூட இராது, பெரியவர்களை அங்கிள் என்று கூப்பிடுகிற ஒரு காரணத்துக்காகவே ஊர் அவரைச் சந்தேகத்தோடு வைத்திருந்தது. எபிரெயம் படித்தவர் என்பது இரண்டாவது காரணம். வேதமாணிக்கம் போய், சத்தத்தைப் பற்றி நல்லபடியாக ஒரு பிரசங்கம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். டிசம்பர் நடுவில், பெர்சிஸின் கல்யாணத்துக்கு மூன்றாம் விவாக ஓலை வாசித்த ஞாயிறு ஐயர் அதைச் செய்தார்.

வேதத்தில் சத்தத்துக்கு எபிரெயத்தில் ஒரு சொல் உண்டு என்று தொடங்கினார். யுத்தத்துக்குப் புறப்படுகிறவன் போடுவது அந்தச் சத்தம். அரசனை எதிர்கொண்டு ஜனங்கள் போடுவதும் அதே சத்தம். ஏழாம் மாதத்தின் முதல் தேதியில் எக்காளம் ஊதுவதற்கும் அதே பேர், மதில் விழுந்த அன்று சுற்றி நின்றவர்கள் எழுப்பியதும் அதே. இடிந்துபோன ஆலயத்துக்குத் திரும்ப அஸ்திவாரம் போட்ட நாளில், பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. அங்கேயும் இதே சொல்தான். உடைந்து உடைந்து விம்முவதுபோல ஊதுகிற ஊதலையும் பிற்காலத்தில் அந்தப் பேரால்தான் அழைத்தார்கள்.

"அந்தச் சொல் என்ன தெரியுமா?" என்று நிறுத்தினார் ஐயர். பிறகு கையை உயர்த்தி, நன்றாகக் கேட்கட்டும் என்று, சபையைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"தெருவா!"

கோவிலில் ஒரு விசிறிகூட அசையவில்லை. பிறகு, முதலில் கீழக்குடிப் பெஞ்சுகளும், அப்புறம் தெருக்காரர்களின் பெஞ்சுகளும், கடைசியில் பாடகர் குழுவும், மெதுவாகத் திரும்பி வேதமாணிக்கத்தைப் பார்த்தன.

ஏனென்றால் அந்தச் சொல்லை அந்த ஊர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், கிணறு வெட்டுகிற சுவாமிதாஸ் மண் சரிந்து செத்துப்போனான். கீழக்குடியில் யார் செத்தாலும் பெட்டி குளக்கரையைச் சுற்றித்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அப்படி எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை, அப்படித்தான் போகும். அன்று குளம் உடைந்து கரை தண்ணீருக்குள் கிடந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் முக்கில் நின்று, இன்றைக்கு மட்டும் இந்த வழியாகப் போய்க்கொள்கிறோம் என்று கேட்டார்கள். குடையோடு நின்றிருந்த வேதமாணிக்கம் கோபப்படவில்லை, திட்டவில்லை, மறுக்கவுமில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தி ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"தெருவா?"

அவ்வளவுதான். அவர்கள் திரும்பினார்கள். மார்பளவுத் தண்ணீரில், பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கரையைச் சுற்றிப் போனார்கள். சுவாமிதாஸின் மனைவி நவமணி அந்த முக்கில் அழுவதற்காக வாயைத் திறந்திருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் மூடிக்கொண்டாள். அடக்கம் முடிகிறவரை திறக்கவில்லை. அப்போது மணி நாலு பத்து இருக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். சேர்த்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் வேதமாணிக்கம் ஐயரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஐயரே, ஒங்ககிட்ட வந்து சொன்னது யாரு?"

"எதை, அங்கிள்?"

"அந்தச் சொல்ல."

"அது செமினரில படிச்சது."

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி எழுதினதுல எங்க தெரு எப்படி வரும்?"

"மூவாயிரம் இருக்கும், அங்கிள்."

ஐயரின் முகத்தில் குறும்பு இருக்கிறதா என்று வேதமாணிக்கம் வெகுநேரம் தேடினார். இல்லை, அதுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. "சரி, இருக்கட்டும். இது கெம்பீரச் சத்தம்னு ஒரு வரி எழுதி, சபை சீல் வச்சுக் குடுங்க. சம்பந்தி வீட்டுக்குக் காட்டணும்."

"எழுதலாம். ஆனா வேதத்துல அந்தச் சொல் வர்ற இடத்துல எல்லாம் யாரு சத்தம் போடுறாங்கன்னு இருக்கும். அதை வச்சுத்தான் அழுகையா ஆர்ப்பரிப்பான்னு சொல்ல முடியும். இங்க யாருன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க, இப்பவே எழுதித் தர்றேன்."

வேதமாணிக்கம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

நவமணி கோவிலைக் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தாள். அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம், அவள் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் போய் நின்றார்.

"நவமணி. அது ஒன் சத்தந்தானா?"

"எஞ் சத்தம் எங்கிட்டதான இருக்கு ஐயா. பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

"எகனைக்கு மொகனை பேசாத. ஒனக்கு என்ன வேணும்?"

"பினாயில் தீந்துபோச்சு. கமிட்டிகிட்ட மூணு வாரமாக் கேக்கேன்."

அதில் உள்ளர்த்தம் ஏதும் இருக்கிறதா என்று அவர் யோசித்தார். "வேற?"

அவள் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். "அன்னைக்கு எனக்கு நெஞ்சு முட்டிக்கிட்டு வந்துது ஐயா. நீங்க ஒரு வார்த்தை கேட்டிய. அதுக்குப் பொறவு அது உள்ள இல்ல. எங்க போச்சுன்னு நான் தேடவுமில்ல. மூணு வருசம் கழிச்சு ஊருக்குள்ள ஏதோ கத்துதுன்னாங்க, நானும் போய்க் கேட்டேன். எனக்கே அடையாளம் தெரியல."

"இப்ப நான் என்ன பண்ணணுங்குற?"

"யாரு என்ன பண்ணச் சொன்னா? காலத் தூக்குங்க, அங்ஙன துடைக்கணும்."

அவர் காலைத் தூக்கினார். அன்று மாலையே இரண்டு பாட்டில் பினாயில் வாங்கி அனுப்பிவிட்டு, நாலு பத்துக்கு நாடாவோடு போய் நின்றார். அது ஒன்பது அடி நகர்ந்திருந்தது.

பிறகு அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். தூத்துக்குடியிலிருந்து இருபது பேர் கொண்ட பேண்டு வாத்தியக் குழுவைப் பேசினார். நாலு ஒன்பதுக்குத் தொடங்கி நாலு பதினைந்துவரை மூச்சு விடாமல் ஊத வேண்டும், கொட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அதையும் மீறிக் கேட்டுவிட்டால், உப்பளத்தில் வேலைநேரத்துக்கு ஊதுகிற சங்கு என்று சொல்வதற்கு அருமைநாயகத்தைத் தயார் செய்தார்.

"எந்த உப்பளம்னு கேட்டா?" என்றார் அருமைநாயகம்.

"ஏதாவது ஒண்ணச் சொல்லும்வே."

"நம்ம ஊர்லருந்து உப்பளம் இருபது மைலு, அண்ணாச்சி."

"நாகர்கோவில்காரனுக்கு அது தெரியுமாக்கும்?"

பெர்சிஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா, நான் மதுரையில பிரசவ வார்டுல எட்டு வருசமா நிக்கேன். புள்ள பெறுதவ கத்துறதக் கேட்டிருக்கியளா? வெளிய நிக்கிற யாருக்கும் அது சாவா பிறப்பான்னு தெரியாது. உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்," என்றாள். மகளும் கீழக்குடிக்காரர்களோடு ஏதாவது பேசி வைத்திருக்கிறாளோ என்று ஒரு நொடி அவருக்குத் தோன்றியது; தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

ஜனவரி பத்தாம் தேதி மூன்று ஐம்பதுக்கே ஐந்து கார்கள் வந்து நின்றன. சந்தனம் கொடுத்தார்கள், சர்பத் கொடுத்தார்கள், வெள்ளைச் சேலையில் பெர்சிஸ் வாசலுக்கு வந்தாள். நாலு ஒன்பதுக்கு பேண்டு முழங்கியது. நாலு பத்துக்கு, வேதமாணிக்கத்தின் வாசலில், மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் நடுவே, அது எழுந்தது. ஊதுகிறவர்களுக்குத் தாங்கள் ஊதுவது கேட்கவில்லை. ஒவ்வொருவராக வாத்தியத்தை இறக்கி, அது பழுதாகிவிட்டதா என்று பார்த்தார்கள். ஒரு மூச்சு நீளம் ஆயிற்று. வழக்கமாக அடங்குகிற இடம் வந்தது. அது அடங்கவில்லை. எழுபத்தாறு நாளில் முதல்தடவையாக அது அங்கேயே, கனம் சுமந்தவன் கால் மாற்றி நிற்பதுபோல நின்றது.

"இது என்ன சத்தம்? ஆராவது செத்துட்டாவளா?" என்றாள் அத்தைக்காரி, ஏற்கெனவே காரைப் பார்த்து ஓரடி பின்வாங்கி.

மாப்பிள்ளையின் அப்பா செல்லப்பா வேதமாணிக்கத்தை ஏறிட்டார். "என்ன சம்பந்தி, ஊரு முழுக்க ஒம்ம மொகத்தையே பாக்காவ? என்னவாக்கும் இது?"

"உப்பளத்துச் ச..." என்று தொடங்கிய அருமைநாயகம், அந்தச் சத்தத்துக்குள்ளேயே பொய் சொல்ல வேண்டியிருந்ததாலோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வேதமாணிக்கம் எல்லாரையும் பார்த்தார். யாரைச் சந்தேகப்படுவது என்று தேடினார். எழுநூறு பேரில் ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. கோவில் வாசலில் விரிப்பு விரித்துவிட்டு, கையில் துடைப்பத்தோடு நவமணி தெரு ஓரத்தில் நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, சத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடக்கம் வருது," என்றார் வேதமாணிக்கம். "கொஞ்சம் வழி விடுங்க."

"அடக்கமா? பெட்டி எங்க?"

"மூணு வருசத்துக்கு முந்தி வந்தது சம்பந்தி. நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய், செயலரின் பொறுப்பில் இருந்த கல்லறைத் தோட்டத்துச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, கல்யாணக் கோட்டோடு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தெரு நடுவில் இறங்கி நடந்தார். சத்தம் அவர் பின்னால் வந்தது. ஒன்பது அடி அல்ல. நாலு பேர் தோளில் ஒரு பெட்டி எந்த வேகத்தில் வருமோ அந்த வேகத்தில், ஒவ்வொரு வீட்டு வாசலையும் கடந்து, தெரு முழுவதையும் கடந்து வந்தது. நவமணி துடைப்பத்தை மதிலில் சாத்தி வைத்துவிட்டு அதன் பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் கீழக்குடிக்காரர்கள் வந்தார்கள், யாரிடமும் கேட்காமல். இரண்டு கார்கள் கிளம்பி குளக்கரைப் பக்கம் திரும்பின. ஒன்றில் அத்தைக்காரி இருந்தாள். மூன்று கார்கள் நின்றன. மாப்பிள்ளை தொப்பி ஏதும் போட்டிருக்கவில்லை. எதையாவது கழற்ற வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். அதைப் பார்த்துவிட்டு, வாயில் ஏதோ முனகியபடி, செல்லப்பாவும் செருப்பைக் கழற்றினார்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. வேதமாணிக்கம் சாவியை மூன்றுதரம் திருப்ப வேண்டியிருந்தது. அதுவரை சத்தம் அவர் பிடரிக்குப் பின்னால் காத்து நின்றது. கதவு திறந்ததும் அது உள்ளே போயிற்று. நவமணியும் போனாள். மூன்றாம் வரிசையில், சிமெண்டு பூசாத ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் அது நின்றுவிட்டது. அதன் பிறகு கேட்டது நவமணியின் சொந்தக் குரல். தெருவில் நின்றவர்களில் சிலர் அவள் அழுகிறாள் என்றார்கள். அழுகை இப்படியா இருக்கும் என்றார்கள் சிலர். எபிரெயம் படித்த ஐயர் கோவில் வாசலில் அங்கியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெர்சிஸ் சேலைக் கரையைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, கதவருகே நின்ற அப்பாவின் கையைப் பிடித்தாள். மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

"போலாமாப்பா?"

"இரும்மா," என்றார் வேதமாணிக்கம். "அந்தம்மா வரட்டும்."